பம்பாய் வீடுகளின் மரத்தளம்: கட்டிய கதையும் காத்த கதையும்

நம் ஊர்ப்பக்கத்தில் ‘மச்சு வீடு’ என்றால் அதற்குத் தனி மதிப்பு இருந்த காலம் ஒன்று உண்டு. சுவரின்மேல் உத்தரம் ஏற்றி, உத்தரத்தின்மேல் சட்டங்களை அடுக்கி, சட்டங்களின்மேல் பலகை பாவிய மேல்தளமே மச்சு எனப்பட்டது. நெல்லும், பித்தளைப் பாத்திரமும், என்றோ ஒருநாள் வேண்டியிருக்கும் என்று சேர்த்துவைத்த பழம்பொருள்களும் அங்கே இருந்தன. மனிதர் பெரும்பாலும் கீழேதான் இருந்தனர். பிழைப்பை நாடிப் பம்பாய்க்கு வந்த தமிழரில் பலருக்கோ அந்த மச்சின்மேலேயே குடியிருக்க நேர்ந்தது. மேல்வீட்டாருக்குத் தரையாக இருந்த பலகையே கீழ்வீட்டாருக்குக் கூரையாகவும் இருந்தது. அப்பலகை உளுத்துப் போனால் அதைப் பழுதுபார்க்க வேண்டியவர் யார்? மேலே நடப்பவரா, கீழே அஞ்சுபவரா, வாடகை வாங்குபவரா? 1995ஆம் ஆண்டு முதல் மும்பை என்று வழங்கப்பெறும் இம்மாநகரின் வரலாற்றில் இவ்வினா மிகப் பழையது. இன்றும் அது முற்றிலும் தீர்ந்தபாடில்லை.

முதலில் மரம் வந்த கதையைப் பார்ப்போம். தமிழர் பம்பாய்க்குப் பெருந்தொகையாக வருவதற்கு நெடுங்காலம் முன்பே தென்னாட்டுத் தேக்கு அங்கே வந்து சேர்ந்துவிட்டது. 1730களில் சூரத்திலிருந்து லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா என்னும் பார்சித் தச்சர் கிழக்கிந்தியக் கம்பெனியின் அழைப்பின்பேரில் பம்பாய்க்கு வந்து கப்பல் கட்டும் தொழிலை நிலைநிறுத்தினார். அவர் வழிவந்தோர் நூறாண்டுகளுக்கும் மேலாக அத்தொழிலைத் தலைமையேற்று நடத்தினர். அவர்களுக்கு வேண்டிய தேக்கு மலையாளக் கரையிலிருந்து கடல்வழியே வந்தது. 1817இல் அவர்கள் கட்டி நீரில் இறக்கிய போர்க்கப்பல் ஒன்றிற்கு நம் திருகோணமலையின் பெயரே சூட்டப்பெற்றது. இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் அக்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டத்து ஆனைமலைக் காடுகளில் வெட்டிய தேக்கும் 19ஆம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் தளத்திற்கு அனுப்பப்பட்டது. மலை உச்சியிலிருந்து கட்டைகளைச் சரிவில் உருட்டிவிட்ட இடமே ‘டாப்ஸ்லிப்’ என்று பெயர்பெற்று, இன்று சுற்றுலாப் பயணிகள் யானை பார்க்கச் செல்லும் இடமாக உள்ளது.

கோடரிக்குக் காடு எத்துணை நாள் ஈடுகொடுக்கும்? மலையாளக் காடுகளில் பெருமரங்கள் அருகின. அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபார் மாவட்டத்தின் கலெக்டர் கனோலி, 1840களில் நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார். நட்ட தேக்கு முற்றி வைரம் பாய்வதற்கு இரண்டு தலைமுறை ஆகும்; வளர்ந்துவந்த நகரமோ இரண்டு மாதங்கூடக் காத்திருக்கவில்லை. வணிகர் பர்மாவின்மேல் கண்வைத்தனர். 1863இல் ‘பம்பாய் பர்மா வாணிகக் கழகம்’ தோன்றியது. அதன் தேக்குக் குத்தகை பற்றி எழுந்த வழக்கில் பர்மிய அரசவை பெருந்தண்டம் விதிக்க, அதையே சாக்காகக் கொண்டு ஆங்கிலேயர் 1885இல் போர் தொடுத்து மாண்டலேயைக் கைப்பற்றினர். தீபா மன்னர் முதலில் சென்னைக்கும், பின்னர்க் கொங்கணக் கடற்கரையில் உள்ள இரத்தினகிரிக்கும் கொண்டுவரப்பட்டு, 1916இல் அங்கேயே காலமானார். பர்மாவின் மரம் வந்து இறங்கிய அதே மேலைக் கடற்கரைக்குப் பர்மாவின் மன்னரும் சிறைப்பட்டு வந்து சேர்ந்தார். செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களைக் கண்டு வியப்போர், பம்பாய்த் தொழிலாளர் குடியிருப்பின் உத்தரங்களும் அதே காடுகளின் பிள்ளைகள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இந்த மரம் வீடான விதம் யாது? 1803ஆம் ஆண்டு பிப்ரவரியில் பம்பாய்க் கோட்டைக்குள் மூண்ட பெருந்தீயில் வீடுகள் ஏராளமாக எரிந்தன. ஆயினும் நகர மக்கள் மரத்தைக் கைவிடவில்லை. 1850களில் பஞ்சாலைகள் தோன்றின. 1860களில் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. ஆலை வேலைக்கு ஆயிரமாயிரமாக மக்கள் வந்தனர். அவர்களுக்காக எழுந்தவையே ‘சால்’ எனப்படும் மாடி வரிசைக் குடியிருப்புகள். நீண்ட தாழ்வாரம், அதனை ஒட்டி வரிசையாக ஓரறை வீடுகள், தாழ்வாரக் கோடியில் அனைவருக்கும் பொதுவான கழிப்பிடம் என்பதே அவற்றின் அமைப்பு. 1896இல் கொள்ளைநோய் தாக்கியபின், 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டு நெரிசலான பகுதிகள் சில இடித்துத் திருத்தப்பட்டன. எனினும் பழைய பகுதிகளில் மரக்கட்டடங்கள் மூன்று மாடி, நான்கு மாடி என ஓங்கி நின்றன.

அவற்றின் தளத்தைச் சற்றே கூர்ந்து நோக்குவோம். தேக்குத் தூண்களின்மேல் பெரிய உத்தரங்கள்; உத்தரங்களின்மேல் சிறு இடைவெளி விட்டுச் சட்டங்கள்; சட்டங்களின்மேல் குறுக்கே பலகைகள். பல கட்டடங்களில் பலகையின்மேல் உடைந்த செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் பரப்பினர். இதனை இங்கே ‘கோபா’ என்பர். சென்னைப் பக்கத்தில் தேக்குச் சட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பிட்டுக் கட்டும் ‘மெட்ராஸ் டெரஸ்’ முறைக்கு இதனை ஒருவகையில் உடன்பிறப்பு எனலாம். சட்டத்தின் இரு முனைகளும் செங்கற்சுவரின் குழிகளில் செருகப்பட்டிருக்கும். தளத்தின் வலிமையெல்லாம் அந்த முனைகளில்தான் உள்ளது. தளத்தின் ஆபத்தும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

முற்றிய தேக்கின் வயிரப் பகுதியில் இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டு. கரையானும் காளானும் அதனை எளிதில் அண்டா. ஆனால் வயிரமில்லாத வெளிமரத்திற்கு அந்தக் காப்பு இல்லை. வயிரமுங்கூட இடைவிடாத நனைவைப் பல்லாண்டு தாங்குவதில்லை. மரத்தின் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் நிலைத்துவிட்டால், அதனை உளுக்கச் செய்யும் பூஞ்சைகளுக்கு அது விருந்தாகிறது. பம்பாயில் அந்த ஈரம் இரு வழியாக வந்தது. ஒன்று, நான்கு மாதம் அடித்துப் பெய்யும் மழை சுவரில் ஊறி, சட்டத்தின் முனையை எட்டியது. மற்றொன்று ‘மோரி’. அறையின் ஒரு மூலையில் முழ உயர வரம்பு கட்டி, பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் குளிக்கவும் பயன்படுத்தும் சிற்றிடத்திற்கு மராட்டியர் இட்ட பெயர் அது. பம்பாய்த் தமிழரும் அதே பெயரைத்தான் வழங்குகின்றனர். நாள்தோறும் அங்கே கொட்டும் நீர் விரிசல் வழியே கசிந்து, கீழே உள்ள சட்டத்தைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும்.

இதனை ஏட்டில் மட்டும் படித்தவனாக நான் எழுதவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் வேலையேற்று இந்நகருக்கு வந்தபோது, கிர்காம் பக்கத்துப் பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் நண்பர் மூவருடன் ஓர் அறையில் தங்கியிருந்தேன். கீழ்வீட்டில் திருநெல்வேலிக் குடும்பம் ஒன்று இருந்தது. ஒருநாள் காலையில் அவ்வீட்டு அண்ணாச்சி மேலேறி வந்தார். “தம்பி, நீங்கள் நடமாடும்போதெல்லாம் எங்கள் அடுப்பில் மண் விழுகிறது. என்னவென்று ஒரு தடவை பாருங்கள்” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே எங்களை வெட்கமுறச் செய்தது. மோரியை அடுத்திருந்த இரும்புப் பெட்டியை நகர்த்தினோம். அதன்கீழ் இருந்த பலகை காலை வைத்தவுடன் அமுங்கிற்று.

வீட்டுக்காரரிடம் சென்றோம். “இந்த அறைக்கு வரும் வாடகையில் ஆணிகூட வாங்க முடியாதே” என்றார் அவர். அது சாக்குப்போக்கு மட்டுமன்று, உண்மையுங்கூட என்பது பின்னரே எனக்கு விளங்கியது. முடிவில் நாங்கள் நால்வரும் ஒரு பங்கிட்டோம். கொடுக்கக் கடமைப்படாத அண்ணாச்சியும் ஒரு பங்கு கொடுத்தார். இரத்தினகிரிப் பக்கத்துத் தச்சர் ஒருவர் வந்தார். பலகையைப் பார்க்குமுன் அவர் மோரியைப் பார்த்தார். “பலகை மாற்றுவது அரைநாள் வேலை. பத்து நாள் இந்த மோரியில் தண்ணீர் விடாமல் இருப்பீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்” என்று மராட்டியில் கேட்டார். பத்து நாளும் நாங்கள் கீழே முற்றத்துக் குழாயடியில் குளித்தோம்.

அவர் செய்த வேலையை முறையாக எடுத்துரைப்பது பயன் தரும் என்று கருதுகிறேன். பழைய வீடுகளில் வாழும் நேயர் சிலருக்கேனும் அது உதவக்கூடும்.

முதலாவது, முட்டுக்கொடுத்தல். இரண்டாம் மாடித் தளத்தைத் தாங்க முதல் மாடியில் முட்டுக்கால் நிறுத்தினால் மட்டும் போதாது. அந்தச் சுமை முதல் மாடித் தளத்தின்மேல் இறங்கிவிடும். ஆகவே அதற்கு நேர்கீழாகத் தரைத்தளத்திலும் முட்டுக்கால் நிறுத்திச் சுமையை மண்ணுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இரண்டாவது, நோயின் எல்லையைக் காணுதல். தச்சர் சுத்தியலால் சட்டத்தை நெடுகத் தட்டிக்கொண்டே சென்றார். நல்ல மரம் கணீரென்று ஒலித்தது. உளுத்த மரம் மந்தமாக ஒலித்தது. ஐயம் எழுந்த இடத்தில் கூர்மையான குத்தூசியை அழுத்திப் பார்த்தார். மூன்றாவது, உளுத்த முனையை நல்ல மரம் தென்படும்வரை அறுத்து நீக்கி, பழைய சட்டத்தின் பக்கவாட்டில் புதுச் சட்டத்தைப் போதிய நீளம் ஒட்டிப் பிடிக்கச்செய்து, மரையாணிகளால் முடுக்கினார். சுவர்க்குழியில் புதுமுனையை நுழைக்கையில் பக்கங்களில் சிறிது காற்றிடம் விட்டார். சுவரின் ஈரம் மரத்தைத் தொடக் கூடாது என்பதே அதன் கருத்து. போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரை முனைகளில் பூசுவது பூஞ்சையையும் பூச்சியையும் தடுக்கும்.

நான்காவதாகத்தான் பலகை. கெட்ட பலகையைக் கெட்ட இடத்தோடு நறுக்கிவிடாமல், இருபுறமும் சட்டத்தின் நடுப்பகுதிவரை நீக்கினார். அப்போதுதான் புதுப்பலகையின் முனைகள் தாங்கலின்றித் தொங்கா. பழைய பலகையின் கனத்திற்குச் சமமான பலகையை இட்டு, ஆணிக்குப் பதிலாகத் திருகாணி வைத்தார். நடக்கும்போது தளம் முனகுவதற்குக் காரணம், பெரும்பாலும் தளர்ந்த ஆணியில் பலகை ஏறி இறங்குவதே. திருகாணி அதனை அடக்கிவிடும். கடைசியாக மோரியின் விரிசல்களை அடைத்து, நீர் வெளியேறும் குழாயையும் மாற்றினார். இந்தக் கடைசி வேலையைச் செய்யாதிருந்தால் முன்னைய நான்கும் வீணாகியிருக்கும்.

அதே கட்டடத்தில் வேறொரு வீட்டார், தளம் தாழ்ந்திருப்பதைக் கண்டு, அதன்மேல் சிமெண்டுக் கலவை கொட்டிச் சமப்படுத்திப் பளபளக்கும் ஓடு பதித்திருந்தனர். பம்பாய்ப் பழங்கட்டடங்களில் பரவலாக நடந்த பிழை இது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் இரண்டங்குலக் கனத்திற்குக் கலவை இட்டால், அதன் எடை மட்டுமே ஒரு டன்னுக்கு மேல் ஆகும். ஓட்டின் எடை வேறு. தளம் தாழ்ந்தது சுமை தாளாமையால். அதற்கு மருந்தாக இன்னும் ஒரு டன் சுமை! மேலும், ஓட்டின்கீழ் மறைந்த மரம் நனைவதும் உளுப்பதும் கண்ணுக்குப் புலனாவதில்லை.

இனி வீட்டுக்காரர் கூறிய ‘ஆணி’க்கு வருவோம். இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடிக்கவே, தேக்கு வரவு நின்றது. போர்க்கால நெருக்கடியில் வாடகை ஏறாதபடி அரசு தடை விதித்தது. 1947ஆம் ஆண்டுப் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1940 செப்டம்பர் 1இல் இருந்த வாடகையை அடிப்படையாகக் கொண்டது. ஏழைக் குடியிருப்பாளரைத் தெருவில் நிற்காமல் காத்த சட்டம் அது. அதன் நன்மையை மறுக்க இயலாது. அதே சட்டம், வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை என்றும் விதித்தது. அவர் தவறினால் குடியிருப்பாளரே பழுதுபார்த்துச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கழிவு ஆண்டு வாடகையில் நான்கில் ஒரு பங்கை மீறலாகாது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன், ‘குடியிருக்கத் தக்க நிலை’ என்னும் தொடரை எளிதில் வேறு மொழிக்குக் கொண்டுவந்துவிடலாம். அதனைப் பலகையாகவும் சட்டமாகவும் மாற்றுவதன்றோ அரிது! ஆண்டு வாடகை 600 ரூபாயாக நின்றுபோன அறையில் கழிக்கத்தக்கது 150 ரூபாய். பத்தாண்டுக் கழிவும் ஒரு தேக்குச் சட்டத்திற்குக் காணாது. உரிமையாளர்க்கு ஊக்கமில்லை, குடியிருப்பாளர்க்கு வசதியில்லை, மழைக்கோ இரக்கமில்லை.

1960களில் மழைக்காலந்தோறும் கட்டடங்கள் இடிந்து உயிர்கள் மாண்டன. அதன் விளைவாக 1969இல் பம்பாய்க் கட்டடப் பழுதுபார்ப்பு, புனரமைப்பு வாரியச் சட்டம் பிறந்தது. 1969 செப்டம்பர் இறுதிவரை கட்டப்பட்ட தனியார் வாடகைக் கட்டடங்களுக்கு ஒரு மேல்வரி விதித்து, அந்நிதியையும் அரசு நிதியையும் கொண்டு வாரியமே பழுதுபார்க்கும் என்பது ஏற்பாடு. தொடக்கத்தில் அவ்வகைக் கட்டடங்கள் 19,642 எனக் கணக்கிடப்பட்டன. அவற்றில் மிகப்பெரும்பாலானவை 1940 செப்டம்பருக்கு முற்பட்டவை. பின்னர் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இப்பொறுப்பு ‘மாடா’ எனப்படும் மகாராஷ்டிர வீட்டுவசதி ஆணையத்தின்கீழ் வந்தது. உளுத்த தேக்குச் சட்டங்களுக்குப் பதிலாக எத்தனையோ கட்டடங்களில் இரும்பு உத்தரங்கள் ஏறின. ஆயினும் 2017 ஆகஸ்டு 31இல் பெண்டிபஜார் வட்டாரத்தில் நூறாண்டைக் கடந்த கட்டடம் ஒன்று சரிந்து, முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வாரியம் வந்தபின்னும் ‘யார் பொறுப்பு?’ என்னும் வினா ஓயவில்லை.

இந்த ஏற்பாடு கொலாபா முதல் மாகிம், சயான் வரையிலான தீவு நகரத்திற்கே உரியது. நம்மவர் மிகுதியாக வாழும் மாதுங்கா அதனுள் அடங்கும், செம்பூர் அடங்காது. மாதுங்காவின் நிலை வேறொரு வகையிலும் தனியானது. மேம்பாட்டு டிரஸ்ட் வகுத்த மனைகளில் 1920களிலும் 1930களிலும் எழுந்த வீடுகளில் சிமெண்டுத் தளம் இடம்பெற்றது. அலுவலகங்களில் எழுத்தர்களாக வந்த தென்னாட்டார், வீட்டுக்குள்ளேயே குளியலறை கொண்ட அவ்வீடுகளை விரும்பிக் குடியேறினர். தாராவியில் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த திருநெல்வேலித் தமிழரோ, வழிவழியாகச் சிறுகுடில்களில் வாழ்ந்து, குடும்பம் பெருகியபோது பலகையும் இரும்பும் கொண்டு தாமே மாடி எழுப்பிக்கொண்டனர். ஊரில் விட்டுவந்த மச்சு அங்கே மறுபிறவி எடுத்தது எனலாம்.

நான் இப்போது வாழும் உல்லாஸ்நகரில் மரத்தளம் இல்லை. ஆயினும் இக்கதையின் முடிவு இங்கேதான் இருக்கிறது. போர்க்காலத்தில் கல்யாணை அடுத்து இராணுவத்தினர்க்காக எழுப்பிய நீண்ட கொட்டகைகளில், நாட்டுப் பிரிவினைக்குப்பின் சிந்து நாட்டு அகதிகள் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் குடியேற்றப்பட்டனர். ஒரே கொட்டகையில் பல குடும்பங்கள், இடையே சாக்குத் திரை! 1949 ஆகஸ்டு 8இல் அப்போதைய கவர்னர் ஜெனரல் இராஜாஜி அடிக்கல் நாட்ட, முகாம் உல்லாஸ்நகர் என்னும் ஊராயிற்று. உழைப்பால் உயர்ந்த அம்மக்களின் கடைவீதிகளில் மரச்சாமான் கடைத்தெருவும் ஒன்று. காலப்போக்கில் கொட்டகைகள் மறைந்து, சிமெண்டு மாடிகள் நெருங்கி எழுந்தன; அவற்றில் பல உரிய அனுமதியின்றி விரைந்து கட்டப்பட்டவை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், இரு வாரத்திற்குள், இவ்வூரின் இருவேறு கட்டடங்களில் மேல்மாடித் தளம் பெயர்ந்து கீழ்த்தளங்களையும் உடைத்துக்கொண்டு விழுந்தது. உறங்கியோரும் உண்டுகொண்டிருந்தோரும் மாண்டனர். இரண்டும் 1990களில் எழுந்தவை. முப்பது வயதுகூட நிரம்பாதவை.

சிமெண்டைப் பழித்து மரத்தைப் புகழ்வது என் நோக்கமன்று. ஈரம் மரத்தை உளுக்கச் செய்வதுபோல, சிமெண்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு தடிக்கிறது, காரை வெடிக்கிறது. ஆனால் மரம் முனகும், தாழும், அடுப்பில் மண்ணைச் சொரியும். சிமெண்டுத் தளத்தின் அறிகுறிகளான நூல்போன்ற விரிசலையும் செம்பழுப்புக் கறையையும் நாமே வெள்ளையடித்து மறைத்துவிடுகிறோம்.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் குளியலறையை ஒட்டிய சுவரில் ஈரம் படர்ந்தது. எங்கள் வீட்டிற்கு அதனால் இடையூறு எதுவும் இல்லை. எனினும் நான் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் கூரையைக் காட்டும்படி கேட்டேன். சிந்தி மூதாட்டி ஒருவர் வியப்புடன் உள்ளே அழைத்தார். உள்ளங்கை அகலத்திற்கு ஒரு கறை இருந்தது. மறுநாளே குழாய்க்காரரை வரவழைத்தோம். கிர்காமில் அன்று அண்ணாச்சி மேலேறி வந்தார். இம்முறை நான் கீழிறங்கிச் சென்றேன். அந்த ஒரு மாடிப்படியை இறங்கக் கற்றுக்கொள்ள எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின.